ஊமைச் செருப்பு

"பாய், இது செருப்பா, இல்ல செத்த எலியா?"

சுருட்டுக் கம்பெனி மேஸ்திரி மிக்கேல்ராஜ் புதுச் செருப்பைக் கழற்றிப் பலகைமேல் அடித்த அடியில், பேகம்பூர் கடைவீதியே ஒரு முறை எழும்பி உட்கார்ந்தது.

கடைக்காரர் பக்ருதீன் தைத்துக்கொண்டிருந்ததைப் போட்டுவிட்டு எழுந்தார். மேஸ்திரி மெச்சினால் கம்பெனியே திரண்டு வந்து வாங்கும். அவர் முகம் சுளித்தால் தெருநாய்கூட அந்தக் கடைத் தோலை முகராது.

"கடிக்குதா மேஸ்திரி?"

"கடிச்சாத் தேவலையே! சத்தமே இல்லய்யா!"

பக்ருதீனுக்குப் போன உயிர் திரும்பியது. அதுதானே அவர் சாதனை! ஊரில் மீசை முளைத்தவனெல்லாம் கிரீச் கிரீச்சென்று கத்தும் செருப்பையே கேட்ட காலம் அது. இவர் மட்டும் சோறு தண்ணி மறந்து யோசித்து, பூனைப் பாதம்போல மெத்தென்ற அடித்தோல் கண்டுபிடித்து, முதல் ஜோடியை மேஸ்திரிக்கென்றே தைத்திருந்தார்.

"ஒங்க உத்தியோகத்துக்குன்னே பண்ணுனது மேஸ்திரி. முதுகுக்குப் பின்னாடி போய் நின்னாலும் தெரியாது. வேலைநேரத்துல தூங்குறவனைக் கப்புனு அமுக்கிரலாம்ல?"

தூங்கிப் பிடிபட்டால் அன்றைக்கே சீட்டு கிழியும். அது முதலாளி உத்தரவு. ஆனால் மிக்கேல்ராஜ் மேஸ்திரியான நாளிலிருந்து ஒருவரும் பிடிபட்டதில்லை. அந்த மீசைக்குப் பயந்து கொசுகூடக் கம்பெனிக்குள் கண்ணயராது என்பது ஊர்ப்பேச்சு.

"மண்ணாங்கட்டி! கிரீச்சு வைய்யி. இப்பவே. இல்லேன்னா எதுத்த கடைக்குப் போறேன்."

எதிர்த்த கடையா! பக்ருதீன் மனசைக் கல்லாக்கிக்கொண்டு தையலைப் பிரித்தார். இரண்டு தோலுக்கு நடுவே காய்ந்த தோல் துண்டுகளைச் செருகித் தைத்தார். மேஸ்திரி போட்டு நடந்தார். மலைக்கோட்டைப் புறாக்கள் அத்தனையும் பறந்தன.

"பத்தாது."

இன்னும் நாலு துண்டு உள்ளே போனது.

"பாய், தெருக்கோடிக்குப் போயி, கண்ணை மூடிக்கிட்டு நில்லுங்க. நான் நடக்குறேன்."

போய் நின்றார். கிரீ...ச்! தாடிக்கொம்பு ரோட்டில் போன மாட்டுவண்டி ஓரங்கட்டி, பஸ்ஸுக்கு வழிவிட்டது. பஸ் வரவேயில்லை.

"யா அல்லா! காது போச்சு மேஸ்திரி!" என்று ஓடிவந்தார் பக்ருதீன்.

மேஸ்திரி முகத்தில் முதன்முறையாகப் பல் தெரிந்தது. "இதுதான் செருப்பு! நாளைக்கே கம்பெனியில சொல்றேன்."

கடை பிழைத்தது. ஆனாலும் பக்ருதீனுக்கு மனசு ஆறவில்லை.

"கோவிச்சுக்காதீங்க. இம்புட்டுச் சத்தத்தோட போனா ஒருத்தனாச்சும் சிக்குவானா?"

மேஸ்திரி தெருவை இருபுறமும் பார்த்துவிட்டு, மீசை காதில் உரசக் குனிந்தார்.

"நேத்து அந்த ஊமையைப் போட்டுக்கிட்டுப் போயி, வாசல்லயே நின்னு தும்மித் தும்மி மூக்கு புண்ணாப் போச்சு பாய்."

"தும்மலா? எதுக்கு?"

"நான் உள்ள போறதுக்குள்ள அதுக முழிக்க வேணாமா?"