பிற்பகலில் ஓரிரு இடங்களில்

“உனக்குப் பேச்சே வராதாம்மா?” என்று ஒருமுறை பல் டாக்டர் அவளைக் கேட்டார். அரை மணி நேரம் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தவள், அதற்கும் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தாள்.

அப்படிப்பட்டவள் இன்று வானொலி நிலையத்தில், குரல் தேர்வுக்கு இருபதாவது ஆளாக நின்றுகொண்டிருந்தாள். கோடை முடியும்வரை தினமும் மூன்று வேளை வானிலை வாசிக்க ஆள் வேண்டுமாம்.

“எதுவரைக்கும் படிச்சிருக்க?” என்றார் நிலைய அதிகாரி, நிமிர்ந்து பார்க்காமல்.

“ஒன்பதாவது பாதியில நின்னுட்டா சார். ஆனா வாசிச்சா ஒரு எழுத்து பிசகாது,” என்றாள் கூட வந்த சித்தி.

“வயசு?”

“பத்தொன்பது முடிஞ்சுது சார். கொஞ்சம் கூச்ச சுபாவம்.”

“வேலை உங்களுக்கா, அவளுக்கா?”

சித்தி வாயை மூடிக்கொண்டாள். குடும்பத்தில் யாராலும் முடியாத காரியத்தை அந்த மனிதர் ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்.

இந்த வேலை கிடைக்காவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து, பெரியப்பா சொல்லிவைத்திருக்கும் செருப்புக் கடை. வருகிறவர் போகிறவரையெல்லாம் நாள் முழுக்கச் சிரித்து வரவேற்க வேண்டும். இங்கேயோ ஒரு கண்ணாடி அறை, ஒரு மைக். கதவைச் சாத்திக்கொண்டு ஊருக்கே பேசலாம், ஒருவர் முகத்தையும் பார்க்க வேண்டாம்.

அதிகாரி ஒரு தாளை நீட்டினார். பத்தொன்பது பேர் கைமாறியதாலோ என்னவோ, அது மடிப்பெல்லாம் பழந்துணி மாதிரி துவண்டிருந்தது.

“காலையிலேர்ந்து கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. ஒருத்தர் ரயில் லேட்டுன்னு சொல்ற மாதிரி வாசிச்சார். ஒரு அம்மா மழை வரும்னு சொல்லி அழுதுட்டாங்க. வாசிக்க யாரு வேணா வாசிக்கலாம், கேக்கறவன் நம்பணும். போ, உள்ள போ.”

அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு வெளியே, ஒலிப்பதிவு செய்யும் அக்கா பொத்தானைத் தட்ட, சிவப்பு விளக்கு எரிந்தது.

“வரும் வாரம் உட்பகுதிகளில் வெப்பநிலை இயல்பைவிட மூன்று டிகிரி வரை...”

அதோடு குரல் நின்றது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தொடங்கினாள். மறுபடியும் அதே மூன்று டிகிரியில் சிக்கிக்கொண்டது.

“அவ்வளவுதான், ஊத்திக்கிச்சு,” என்று சித்தி தன் கைப்பையிடம் சொன்னாள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

அக்கா உள்ளே கேட்கும்படி மைக்கில் பேசினாள். “ஏம்மா, வெயிலு மழையெல்லாம் உங்க வீட்டுல யாருக்கு முக்கியம்?”

“அப்பாவுக்கு.”

“என்ன வேலை பாக்கறார்?”

“மொட்டை மாடியில ஏணி போட்டு, தண்ணித் தொட்டிக்கு பெயிண்ட் அடிக்கிறார்.”

“அப்ப அவர்கிட்ட சொல்லு. எங்களை விட்டுத்தள்ளு.”

இந்தத் தடவை குரல் வந்தது. பெரிய குரல் இல்லை. வேலைக்குக் கிளம்பிவிட்டவரை வாசலில் நிறுத்திச் சொல்கிற குரல். வெப்பம் மூன்று டிகிரி கூடும் என்றாள். பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை வெயிலில் நிற்க வேண்டாம் என்றாள். இன்று பிற்பகலுக்கு மேல் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மழைக்கு வாய்ப்பு உள்ளது என்று வாசித்தவள், அதே மூச்சில், “மேகம் கருத்தா உடனே இறங்கிடுங்க, மிச்சத்தை நாளைக்குப் பாத்துக்கலாம்” என்று தாளில் இல்லாததையும் சேர்த்துவிட்டாள்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நிமிர்ந்து பார்த்தால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரி முதுகைக் காட்டிக்கொண்டு யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தார். அவள் வாசித்ததைக் கேட்கக்கூட அவருக்குப் பொறுமை இல்லை.

செருப்புக் கடைதான். சைஸ் கேட்க வேண்டும், சிரிக்க வேண்டும், காலைப் பிடித்து மாட்டிவிட வேண்டும். பையைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்தக் கனமான கதவைத் தள்ளி வெளியே வந்தாள்.

“விடுடி, செருப்புக் கடையில போனஸெல்லாம் தருவாங்களாம்,” என்று சித்தி எழுந்தாள். ஜன்னலுக்கு வெளியே வானம் ஒரு பொட்டு மேகம் இல்லாமல் கொளுத்திக்கொண்டிருந்தது.

அதிகாரி இன்னும் போனில்தான் இருந்தார்.

“மெத்தையெல்லாம் மாடியிலதானே காயுது? எடுத்து உள்ள போடு. வெயில் அடிக்குதுன்னு எனக்கும் தெரியுது, நானும் இதே ஊர்லதானே இருக்கேன்? சாயங்காலம் இடி மழை வருதாம். இப்பத்தான் சொன்னாங்க. யாரு சொன்னா என்ன, முதல்ல நீ மெத்தையை எடு.”

அக்கா நாற்காலியை மெல்ல அவர் பக்கம் திருப்பினாள்.

“சார், அது போன வருஷத்துப் பேப்பர். தேர்வுக்குன்னு நீங்கதானே எடுத்துக் குடுத்தீங்க?”

அதிகாரி போனை வைத்தார். ஜன்னலைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், கடைசியாக அவளைப் பார்த்தார். பிறகு அவளுடைய விண்ணப்பத்தை இழுத்து, ‘நாளை முதல்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அக்காவின் மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.