தலைவரின் பதக்கம்

“மூஞ்சியை ஏன்டி இப்படித் தூக்கி வச்சுக்கிட்டிருக்கே?” என்று தாய் மகளின் தொடையில் கிள்ளினாள்.

மகள் எதிரே சாத்தியிருந்த கூட்ட அறையின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சற்று முன்புவரை அவள் இப்படி இல்லை.

அந்தக் கதவுக்குப் பின்னால், மாவட்டத்துப் பள்ளிகளுக்கு வரும் ஆண்டில் என்னென்ன கருவிகள் வாங்குவது என்று கல்விக் குழு திட்டமிட்டுக்கொண்டிருந்தது. வகுப்புதோறும் தொடுதிரை என்பது ஏறக்குறைய முடிவான சங்கதி. அதில் ஒரு சிறு பகுதியை எடுத்து, காது மந்தமான பிள்ளைகளுக்குக் கழுத்து மைக் வாங்கலாமா என்பதுதான் மிச்சமிருந்த கேள்வி. ஆசிரியர் அதை மாட்டிக்கொண்டு எங்கே நின்று பேசினாலும், குரல் நேரே பிள்ளையின் காதுக்குள் போய்ச் சேரும்.

சோதித்துக் காட்டத்தான் சிறுமியை வரவழைத்திருந்தார்கள். அலுவலர் ஒருவர் அவள் காதில் கருவியைப் பொருத்திவிட்டு, மைக்கைக் குழுத் தலைவரின் கழுத்தில் மாட்டினார்.

“அடடே, எனக்கும் ஒரு பதக்கம் கிடைச்சிடுச்சே!” என்றார் தலைவர். அறையே சிரித்தது.

சிறுமி நடைக்கூடத்தின் கோடிக்குப் போய் நின்றாள். கதவைச் சாத்திக்கொண்டு தலைவர் ஏதோ முணுமுணுத்தார். திரும்பி வந்தவள் உரக்க அறிவித்தாள்:

“சார் சட்டையில ஒரு பட்டன் காணோமாம்! வீட்டுக்குப் போனா திட்டு விழுமாம்!”

“கழட்டிக் கொடுங்க சார், இப்பவே தச்சுத் தர்றேன்” என்றாள் தையல்காரியான தாய்.

கைதட்டலும் சிரிப்பும் ஓயச் சிறிது நேரமாயிற்று.

“வெளியே உட்காருங்கம்மா. பேசி முடிவு பண்ணிட்டுச் சொல்றோம்.”

பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் சிறுமிக்குக் கால் தரையில் பாவவில்லை.

“அம்மா, அந்த சார் மூக்கை உறிஞ்சினதுகூடக் கேட்டுச்சு! டீச்சர் போர்டு பக்கம் திரும்பிட்டா எனக்கு ஒண்ணும் புரியாதுல்ல? இனிமே முதுகைக் காட்டிப் பேசினாலும் புரியும்!”

“மெதுவாப் பேசு. ஊருக்கே கேக்குது.”

அதைத் தாய் நாள் தவறாமல் சொல்லியாக வேண்டும். தன் குரல் தனக்கே சரியாகக் கேட்காதவள் எல்லாவற்றையும் ஒரு படி உயர்த்தியேதான் பேசுவாள்.

மைக் கிடைத்தால் அவள் வீட்டிலிருந்தே படிக்கலாம். கிடைக்காவிட்டால், எங்கோ தொலைவிலிருக்கும் விடுதிப் பள்ளிதான். தாய்க்கு அவளையும் தையல் மெஷினையும் தவிர வேறு துணை இல்லை.

பேசிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். முகம் சிறுத்துக்கொண்டே போயிற்று.

“அம்மா, வீட்டுக்குப் போலாம்.”

“இரு, என்ன அவசரம்?”

“எனக்கு இது வேணாம்.”

“வேணாமா? மூணு வீட்டுத் துணியைப் பாதித் தையல்ல போட்டுட்டு வந்து உட்கார்ந்திருக்கேன். பவிசைப் பாரு!”

கிள்ளு விழுந்தது அப்போதுதான்.

கதவு திறந்தது. பதக்கம் மார்பில் ஆட, தலைவர் வெளியே வந்தார். சிறுமியின் தலையைத் தடவக் கை நீட்டினார். அவள் வெடுக்கென்று தலையை விலக்கிக்கொண்டாள்.

தலைவர் அதைப் பொருட்படுத்தாதவராகத் தாயிடம் சொன்னார்:

“உள்ளே முழுக்க உங்க பொண்ணைப் பத்தின பேச்சுதாம்மா. இந்த வருஷம் வந்த பணம் திரைக்கே சரியாப் போச்சு. அடுத்த வருஷம் முதல் பேரு இவளோடதுதான். என் சொந்தப் பேத்தியா நினைச்சுச் சொல்றேன்.”

தாயின் கண்கள் நிறைந்தன.

“இந்த வார்த்தை போதும் சார். ஒரு வருஷந்தானே? ராத்திரியில நானே பக்கத்துல உட்கார்ந்து பாடத்தைச் சொல்லிக் கொடுத்துச் சமாளிச்சுக்கறேன். இவளை எங்கேயும் அனுப்ப மாட்டேன். சாருக்கு நன்றி சொல்லுடி.”

சிறுமி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

“சொல்லுடி!”

அசையவில்லை.

“ரொம்பச் செல்லம் கொடுத்துட்டீங்க போலிருக்கு” என்றார் தலைவர்.

தாய்க்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

“அந்த மெஷினைக் கழட்டிக் கொடுத்து, சார்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வா. அதுவரைக்கும் என் மூஞ்சியில முழிக்காதே!”

அவள் விறுவிறுவென்று படியிறங்கிப் போனாள்.

சிறுமி கைப்பிடிச் சுவரருகே போய், தாயின் தலை படிக்கட்டின் திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு காதிலிருந்த கருவியைக் கழற்றித் தலைவரின் உள்ளங்கையில் வைத்தாள். யாரும் சொல்லாமலே, முதல் முறையாகக் குரலைத் தாழ்த்தினாள்.

“மன்னிச்சிடுங்க சார். ‘இல்லேன்னு சொன்னா அந்தம்மா அழுது ஆர்ப்பாட்டம் பண்ணும், அடுத்த வருஷம்னு சொல்லி அனுப்பிடலாம். அதுக்குள்ள பொண்ணை விடுதியில தள்ளிடுவாங்க, விட்டது பீடை’ன்னு உள்ளே நீங்க சொன்னது நல்லாவே கேட்டுச்சு.”

தலைவரின் கை தானாக மார்புக்குப் போயிற்று. மைக்கின் பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

சிறுமி படிக்கட்டை இன்னொரு முறை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

“அம்மாவுக்கு எதுவும் கேக்கல சார். நீங்களும் சொல்லிடாதீங்க.”