எந்தப் படம் பிடிக்கும்?

ரேச்சலைப் பெண் கேட்டுச் சாத்தான்குளத்துக்கு நானே போனேன். படிப்பைப் பாதியில் விட்டவன், தூத்துக்குடி துறைமுகத்தில் நைட் ஷிப்ட் பார்க்கிறவன் என்பதையெல்லாம் அவள் அப்பா எபனேசர் சிரித்துக்கொண்டே கேட்டார். பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"நடிகர் செல்வரங்கன் அம்பது வருஷமா நடிக்காரு. அதுல ஒமக்கு ரொம்பப் பிடிச்ச படம் எது, தம்பி?"

இதற்கு முன் வந்த இரண்டு மாப்பிள்ளைகளும் இந்தக் கேள்வியில்தான் தோற்றார்கள் என்று ரேச்சல் சொல்லியிருந்தாள்.

"'துறைமுகத்து மாப்பிள்ளை', மாமா. பல தடவ பாத்துட்டேன்."

சிரிப்பு போய்விட்டது.

"ஏளா ஜெயஷீலா, காப்பி போடாத! தம்பி, நாங்க ஜெபக் குடும்பம். சினிமா பாவம். நான் தியேட்டர் வாசல்கூட மிதிச்சதில்ல. கெளம்பும்."

எழுந்தேன்.

"என்ன செய்ய மாமா, அதுல கண்ணு தெரியாமலே கிரேன் ஓட்டுவாருல்லா, அதுல விழுந்துட்டேன்."

"ஏலே, கிரேனா? கண்ணு தெரியாம அவரு ஓட்டுனது தோணி, லே! அது 'முத்துக்குளி வீரன்', இடைவேளைக்கு அப்புறம். நீ சொல்லுத பேருல அவரு படமே நடிக்கல!"

அடுப்படியிலிருந்து ரேச்சலின் அம்மா ஜெயஷீலா வந்து நின்றார்.

"இடைவேளைக்கு அப்புறமா?"

எபனேசர் அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காப்பி போடுளா," என்றார் மெதுவாக. "மாப்பிள்ளைக்குச் சீனி தூக்கலா."

அப்படி ஒரு படம் இல்லைதான். அதற்குப் பெயர் வைத்தவள் ரேச்சல்.