அவளுக்கு வந்த போன்

“சார், ஒரு போன்” என்று சொல்லிவிட்டு அவள் மறுபடியும் மருந்துக்கடையை விட்டு வெளியே ஓடினாள். அன்று காலையில் அது மூன்றாவது தடவை.

முதலாளி வந்ததும் சொல்லிவிட்டேன். “இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு வேலையா முக்கியம், போன்தான் முக்கியம். நானா இருக்கப் போய் நாலு மாசம் பொறுத்துக்கிட்டேன்.”

முதலாளி அவளைக் கூப்பிட்டார். “அப்படி யார்கிட்டம்மா பேசறே?”

அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். முதலாளி அங்கேயே அவள் சம்பளக் கணக்கை முடித்தார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மத்தியானம் ஓர் அம்மா வந்தார். “பில் போடற பொண்ணு இல்லையா?”

“நின்னுட்டா. ஏன்?”

“நேத்து நான் பஸ் ஏறப் போனப்ப மூச்சிரைக்க ஓடி வந்து மாத்திரையை மாத்திக் கொடுத்துச்சு. தான்தான் தப்பா எடுத்துட்டதாச் சொல்லி மன்னிப்பு வேற கேட்டுச்சு. பாவம், அதைத் திட்டிடாதீங்க.”

முப்பத்தோரு வருஷமாக இந்தக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பது நான் மட்டும்தான்.

சேர்ந்த முதல் வாரம் அவள் தயங்கித் தயங்கி, “சார், டாக்டர் சீட்டுல வேற மாத்திரை பேரு இருக்கே” என்றாள். “நீ பொறக்கறதுக்கு முன்னாடியே சீட்டு படிச்சவன் நான்” என்று வாடிக்கையாளர்கள் எதிரிலேயே எரிந்து விழுந்தேன். அதற்கப்புறம்தான் அவளுக்குப் போன் வர ஆரம்பித்தது.

அது ஒருநாளும் மணியடித்து நான் கேட்டதில்லை.

அந்த அம்மா புதுச் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றார். வாங்க எனக்குக் கை நீளவில்லை.