காயாத கிட்டார்

"மரத்துல பூசின லாக்கர் பாலிஷ் நல்லா இறுக மூணு வாரமாகும்" என்று பெயின்ட் கடைக்காரர் சொன்னதை அப்பா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. வேலைக்காக வெளிநாடு போகும் மகளுக்குத் தன் கையாலேயே செய்த கிட்டார். "அது கைக்கு வராம நான் கிளம்ப மாட்டேன்" என்று அவள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். இரண்டு தடவை டிக்கெட்டை மாற்றியாகிவிட்டது. இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்த டிக்கெட்டை இனி மாற்ற முடியாதாம்.

பழைய பீரோவுக்குள் நாலு குண்டு பல்பை எரியவிட்டு, நடுவில் கிட்டாரைத் தொங்கவிட்டார். என்ன செய்து என்ன? தினமும் காலையில் கதவைத் திறந்தால், பளபளப்பின் நடுவே ஒரு விரல் பதிந்திருக்கும். தேய்த்து, மறுபடியும் பூசி, மறுபடியும் காயவைப்பார்.

இன்றும் பதிந்திருந்தது. மனைவி மேல் பாய்ந்தார்.

"உன் வேலைதானே? பொண்ணை அனுப்ப மனசில்லேன்னா வாயால சொல்லேன்!"

"நான் அந்தப் பக்கமே போகலைங்க."

"அப்போ இதுல விரலை வை" என்று, லாக்கர் பூசிய மரத்துண்டை நீட்டினார்.

அவள் அழுத்தினாள். ரேகை அத்தனையும் தெளிவாக விழுந்தது.

அதைக் கிட்டாரோடு ஒப்பிட்டவர் அப்படியே நின்றுவிட்டார். கிட்டாரில் இருந்த பதிவில் ரேகையே இல்லை. கம்பியை அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன விரல். குறுக்கே கம்பித் தடம் மட்டும் ஒரு கோடாக விழுந்திருந்தது.

அந்த வீட்டில் கிட்டார் வாசிப்பது ஒருத்திதான்.

"இன்னைக்காவது காஞ்சிருச்சாப்பா?" மாடியிலிருந்து மகள் கேட்டாள்.

அவள் பெயரில் அந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டது அவர். சம்மதம் என்று பதில் அனுப்பியதும் அவர்தான்.