செம்பி குடித்த பால்

குட்டி பிறந்து நான்கு நாளாகியும், உயிரியல் பூங்காவில் இருந்த செம்பி என்ற குரங்கு தீனியைத் தொடவில்லை. ஐந்தாம் நாள் காலை பழத்தட்டோடு வந்த காப்பாளர் பவளக்கொடி கூண்டின் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். குட்டி செம்பியிடம் பால் குடித்துக்கொண்டிருந்தது. செம்பியோ தன் தாய் காத்தாயியின் மார்பில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தது. காத்தாயி கடைசியாகக் குட்டி போட்டு மூன்று வருடமாகிறது.

"கிழட்டுக் குரங்குக்கு ஏது பால்?" என்றார் பூங்காவின் விலங்கு மருத்துவர் டாக்டர் நசீர்.

"வாயோரத்தப் பாருங்க சார், வெள்ளையா வழியுது."

செம்பி தானாகச் சாப்பிடட்டும் என்று காத்தாயியை அடுத்த கூண்டுக்கு மாற்றி, நடுக்கதவை அடைக்கச் சொன்னார். செம்பி சாப்பிடவில்லை. குட்டியையும் மார்பில் அண்டவிடாமல் தள்ளியது. மதியத்துக்குள் குட்டியின் கத்தல் முனகலாகிவிட்டது. பவளக்கொடி யாரையும் கேட்காமல் கதவைத் திறந்தாள். செம்பி ஓடிப்போய்த் தாயின் மார்பில் முகம் புதைத்தது. வயிறாரக் குடித்த பிறகுதான் குட்டியை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டது.

டாக்டர் திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் வந்து மூன்றையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "காத்தாயியோட அம்மா உயிரோட இருக்கா?" என்று கேட்டார்.

"பழைய கூண்டுல இருக்கு சார். பல்லெல்லாம் போயிடுச்சு."

"வாங்க, அதையும் போய்ப் பார்த்துட்டு வந்துடுவோம்."