நீலப்புயல் கட்சி

சாமியப்பன் பேக்கரி பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து விஜயராணிக்கு இடம் விட்டார்.

டீ டைம் கொஞ்ச நேரம்தான். அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிற தைரியத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு பனியன் கம்பெனி கேட்டைத் தாண்டி வந்திருந்தாள். அவரோ போனைத் திறந்து வைத்துக்கொண்டு, இந்த மாதக் காமிக்ஸைப் படித்தாயிற்றா என்றுதான் முதலில் கேட்டார்.

படித்திருந்தாள். படிக்காமல் எப்படி இருக்க முடியும்?

சந்தா அவருடையது. பழைய சாகச வீரர்களின் காமிக்ஸ் மாசாமாசம் ஒன்று தமிழில் போனுக்கு வரும். ஒரு சந்தாவில் இரண்டு பேர் படிக்கலாம். செக்கிங் செக்‌ஷனில் பக்கத்து டேபிள் என்கிற ஒரே தகுதியில் விஜயராணியை அந்த இரண்டாவது ஆளாகச் சேர்த்துவிட்டவர் சாமியப்பன். சேவூர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். முகமூடிக்காரன் மாடி விட்டு மாடி தாவினால் இன்னும் வாயைப் பிளப்பார்.

விருதுநகர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்தவளுக்கு இந்த ஊரில் மனம்விட்டுப் பேச அமைந்தது அந்த ஒரு விஷயம்தான்.

அவரை வேலையை விட்டு அனுப்பி ஒரு மாதம் ஆகிறது. சந்தாவிலிருந்து அவளை இன்னும் எடுக்கவில்லை. எப்போது திறந்தாலும் ‘வணக்கம், சாமியப்பன்’ என்று திரை வரவேற்கிறது. ஒவ்வொரு தடவையும் அவளுக்குச் சுருக்கென்று குத்துகிறது.

இந்த மாதக் கதையுமா இப்படி வந்து வாய்க்க வேண்டும்?

முகமூடி வீரன் நீலப்புயல் பகலில் ட்ராம் கண்டக்டர். வில்லனைத் துரத்துகிற மும்முரத்தில் ஒரு ட்ராமைக் கவிழ்த்துவிடுகிறான். பழி டிரைவர் தலையில் விழுந்து, பாவம், அந்த ஆள் ஜெயிலுக்குப் போகிறான். கூடவே வேலை பார்க்கும் நீலப்புயல் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் முகமூடி போய்விடும்.

விஜயராணி கொதித்தாள். ஊரையே காப்பாற்றுகிறவனுக்குக் கூட வேலை பார்க்கிறவனைக் காப்பாற்றத் துப்பில்லையா, இவனெல்லாம் ஒரு வீரனா என்று கேட்டாள். தன்னைத்தான் திட்டிக்கொள்கிறோம் என்று அவளுக்குத் தெரியும். அப்படித் திட்டுவது கொஞ்சம் இதமாகக்கூட இருந்தது.

சாமியப்பன் ஒத்துக்கொள்ளவில்லை.

“நான் நீலப்புயல் கட்சி அம்மிணி. வேணும்னேவா செஞ்சான்? பயந்துபோனவன் வாயில இருந்து என்னத்த வந்துரும்?”

அப்படியானால் டிரைவரின் கதி என்ன என்று அவள் விடவில்லை. அவன் வயசான ஆள், எப்படியும் சமாளித்துக்கொள்வான் என்று சொல்லிவிட்டு அவர் டீயை ஊதினார்.

விஷயம் தெரிந்தால் இந்த மனிதர் இப்படிப் பேசுவாரா என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டியது.

பனியனில் ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எதுவும் இல்லையென்று பார்த்தபிறகு, பார்த்தவர் தன் நம்பர் ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அன்று விஜயராணியின் ஸ்டிக்கர் தீர்ந்துவிட்டது. ஸ்டோர் வரை நடக்கச் சோம்பல்பட்டு, சாமியப்பன் இல்லாத நேரம் பார்த்து அவர் டேபிளில் இருந்த சுருளில் ஒரு முழம் கிழித்துக்கொண்டாள். செய்யக்கூடாதுதான். ஆனால் செக்‌ஷனில் அதைச் செய்யாத ஆளே கிடையாது. அன்று காலையில்தான் புதுக் காமிக்ஸ் வந்திருந்தது. பனியன் குவியலுக்குள் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டாள். கண் நீலப்புயல் மேல், கை ஸ்டிக்கர் மேல்.

ஓட்டைப் பனியன்கள் ஒரு பண்டல் நிறையப் போய், சரக்கை வாங்கும் கம்பெனிக்காரர்களிடம் மறுநாளே மாட்டின. அத்தனையிலும் சாமியப்பன் நம்பர்.

வாயைத் திறந்தால் வேலையோடு கம்பெனி கொடுத்த ரூமும் போய்விடும். புருஷன் காசிமாயனையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எங்கே போய் நிற்பது? சூப்பர்வைசர் கத்தி முடிக்கும் வரை அவள் குனிந்து பனியன் மடித்துக்கொண்டிருந்தாள். சாமியப்பன் மறுத்து ஒரு வார்த்தை சொல்லாமல் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனார். அவமானத்தில் வாயடைத்துப்போய்விட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அவர் பார்த்து அனுப்பிய பீஸ் திரும்பி வராது என்று செக்‌ஷனே சொல்லும். இப்போது பக்கத்துத் தெரு வேஸ்ட் குடோனில் பனியன் துண்டுகளைக் கலர் கலராகப் பிரித்துப் போடுகிறார். அவள் உண்மையைச் சொன்னால் அந்தப் பேராவது அவருக்குத் திரும்பக் கிடைக்கும்.

விஜயராணி கிளாசைக் கீழே வைத்தாள். அண்ணே, அந்தப் பண்டல் விஷயம், என்று ஆரம்பித்தாள்.

சாமியப்பன் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அந்தப் பண்டல் போன அன்னைக்கு, காலையில வந்த புக்க சாயங்காலமே கம்பெனி வேன்ல கடைசிப் பக்கம் வரைக்கும் சொன்னயே அம்மிணி, வேல நேரத்துல படிக்காம எப்படி? பண்டல் திரும்பி வந்தப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. இப்ப நீ வாயத் தொறந்து சொல்லிட்டீன்னா நான் கோவிச்சுக்கோணும். கோவிச்சுக்கிட்டா, அப்பறம் இதையெல்லாம் நான் ஆருகூடப் பேசறது?”

கம்பெனியில் பெல் அடித்தது. ஒன்றுமே நடக்காததுபோல அவர் போனை அவள் பக்கம் திருப்பி, அடுத்த புத்தகத்தில் டிரைவர் வெளியே வருவானா என்று கேட்டார்.

கட்டாயம் வருவான் என்று சொல்லிவிட்டு விஜயராணி எழுந்தாள்.

செக்கிங் டேபிளுக்குப் போகிற வழியில் சூப்பர்வைசர் ரூம் திறந்துதான் இருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு அதைத் தாண்டிப் போனாள்.